வழியனுப்பப் போன தூரம்

இன்று காலை தபால் வந்த பிறகு, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த உமது லாடங்களை வெளியே எடுத்தேன். இரண்டு கறுத்த றப்பர் வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இரும்பு முனைகள். பனி இறுகிக் கண்ணாடியாகிற மாதங்களில் சப்பாத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு நடக்கிற சாமான். இந்த நொர்வே நாட்டுக்காரர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நீர் முதன்முதலில் அதைக் கடையில் கண்டபோது, "மாட்டுக்கு அடிக்கிறதை மனுசருக்கும் அடிக்கத் துவங்கிட்டாங்கள்" என்று சொன்னீர். அன்றிலிருந்து உமது வீட்டிலும் எனது வீட்டிலும் அது லாடம்தான்.

இடது காலுக்குரியதில் முனைகள் வாங்கினபடியே இருக்கின்றன. வலது காலுக்குரியது தேய்ந்து மொட்டையாகிவிட்டது. முழுப் பாரத்தையும் வலது காலில் போட்டுத்தான் நீர் கடைசி வருடங்களில் நடந்தீர். இந்த இரண்டையும் மேசையில் வைத்து, பாருங்கள், இந்த மனிதனுக்கு இடது கால் இல்லாத மாதிரித்தான் என்று நீதிபதிகளுக்குக் காட்டியிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை. உமது விஷயத்தில் எனக்குத் தோன்ற வேண்டியது எதுவும் வேண்டிய நேரத்தில் தோன்றவில்லை. தோன்றக்கூடாத ஒன்று மட்டும் தோன்றியது.

காலையில் வந்த கடிதத்தில் என்ன இருந்தது என்று கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் நேரே அங்கே போக எனக்கு முகமில்லை.

நாங்கள் இரண்டு பேரும் இருபத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளையும் துவாய்களையும் வெளுக்கிற அந்தத் தொழிற்சாலையில் நான் மடிக்கிற பக்கம், நீர் மெஷின் வாய்ப் பக்கம். ஈரத் துணி நிறைந்த கம்பிக் கூடுகளைத் தள்ளித் தள்ளி உமது முதுகு போனது. சத்திரசிகிச்சை செய்தார்கள். முதுகு கொஞ்சம் பரவாயில்லை என்றானது, இடது கால் போனது. "பட்ட காலிலேயே படும் எண்டவன் ஆராக்கும், ஐசே, அவனும் உந்த டொக்டரிட்டைத்தான் காட்டியிருப்பான்" என்றீர். அப்படிப் பகிடி விட்டு விட்டே எல்லாவற்றையும் மறைத்தீர். இடுப்பிலிருந்து குதிக்கால்வரை நெருப்பு ஓடுகிறது என்பதை நான் உமது மனைவியிடம் கேட்டுத்தான் அறிந்தேன்.

வேலை செய்ய ஏலாமல் போனவர்களுக்கு இங்கே அரசாங்கம் ஒரு உதவி வைத்திருக்கிறது. ஊஃபோரே என்று நம்மவர் வாயில் அடிபடுகிற சொல். அதற்கு விண்ணப்பித்தீர். விண்ணப்பித்தீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், படிவம் நிரப்பியது முழுக்க நான். நாங்கள் குடியிருக்கிற வெஸ்ட்லியின் உயரக் கட்டடங்களில் எந்தத் தமிழ் வீட்டுக்கு அரசாங்கக் கந்தோரின் கடிதம் வந்தாலும் அதை என்னிடம் கொண்டு வருவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. நான் நொர்ஸ்க் எழுதினால் நொர்வேக்காரனே திருத்த மாட்டான் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். உமக்கும் அது தெரியும். நீர் அதைப் பற்றிப் பகிடி விடாததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

பெப்ரவரியில், நீர் வீட்டில் எப்படி நடமாடுகிறீர் என்று பார்த்து எழுத ஒரு பெண்ணை அனுப்புவதாகக் கந்தோர் அறிவித்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். தேவையில்லை, நான் இருக்கிறேன் என்று பதில் எழுதினேன்.

அன்று காலை நான் வந்தபோது நீர் முகச்சவரம் செய்து, ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டுடன் இருந்தீர். குசினியில் உமது மனைவி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தா. வழமையாக ஒன்று போடுகிற நோவுக் குளிசையை அன்றைக்கு இரண்டாகப் போட்டிருந்தீர். ஏன் என்று கேட்டேன்.

"வாற ஆளுக்கு முன்னாலை முனகிக்கொண்டு இருக்கிறதே?"

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். முனகுவதைப் பார்க்கத்தான் ஐயா அவள் வருகிறாள் என்று. நான் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. இதை நான் எத்தனையோ தரம் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகம். ரோல்ஸ் தின்றாள், நல்லாயிருக்கிறது என்றாள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டாள். "கொஞ்சம் நடப்பன்" என்றீர். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். இரவில் நித்திரை வருமா என்று கேட்டாள். "பரவாயில்லை" என்றீர். அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதிலும் எனக்குப் பெருமை.

அவள் புறப்படும்போது யன்னலால் பார்த்தீர். முதல்நாள் மழை பெய்து, பிறகு இறுகி, ஸ்டேஷனுக்கு இறங்குகிற சரிவு முழுவதும் பளபளத்தது. அவளுடைய சப்பாத்து நகரத்துச் சப்பாத்து, அடி வழவழப்பு.

"உந்தப் பிள்ளை விழுந்து போகும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தீர். உமது லாடங்களை எடுத்து அவளிடம் கொடுத்தீர். அவள் வேண்டாம் என்றாள். நீர் குனிந்து நீரே மாட்டிவிட்டீர். பிறகு உமது மேலங்கியை எடுத்தீர்.

"எங்கை போறீர்?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன்மட்டும். வீட்டுக்கு வந்த ஆளை வாசல்லை விட்டுக் கதவைச் சாத்துறதே?"

நீர் முன்னே, அவள் உமது கையைப் பிடித்தபடி, நான் பின்னே. லாடம் இல்லாமல் அந்தக் கண்ணாடியில் நீர் எப்படி இறங்கினீர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பத்து நிமிடம். ரயில் கதவு மூடும்வரை நின்று கை காட்டினீர். பிறகு அந்த ஸ்டேஷன் வாங்கில் முக்கால் மணித்தியாலம் இருந்தீர். நான் ராக்சி பிடித்தேன். லிஃப்ற்றிலிருந்து உமது கதவுவரை சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனீர். மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை என்று உமது மகள் நிலானி தொலைபேசியில் சொன்னாள்.

அடுத்த கிழமை தபாலில் ஒரு பொதி வந்தது. லாடங்களைக் கழுவித் துடைத்து அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு சின்ன அட்டை. நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வராவிட்டால் நான் நிச்சயம் விழுந்திருப்பேன், மிக்க நன்றி என்று கையால் எழுதியிருந்தது. அதை எனக்கு இரண்டு தரம் வாசிக்கத் தந்தீர். "பாத்தீரே, நல்ல வளர்ப்பு" என்றீர். அட்டையைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், நிலானியின் பட்டமளிப்புப் படத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்தீர்.

மறுப்புக் கடிதம் வசந்தம் தொடங்க வந்தது. நீர் சொல்லுகிற இயலாமையும் நேரில் கண்ட நடமாட்டமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று ஒரு வசனம் அதில் இருந்தது. அந்தப் பெண் வேறு நல்ல விஷயங்களும் எழுதியிருந்தாள். முகத்தில் வலி தெரிந்ததையும் எழுதியிருந்தாள். முடிவு எடுத்தவர்கள் அந்த ஒரு வசனத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் நிலானி உம்மோடு சண்டை பிடித்தாள். "அப்பா, அவ விருந்தாளி இல்லை. அவ சாக்ஸ்பெஹாண்ட்லர். உங்கட கோப்பைப் பாக்கிற ஆள். உங்களைச் சோதிக்க வந்தவ."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வந்தவ, பிள்ளை. விருந்தாளிதான்."

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று உமது மனைவி குசினிக்குள் இருந்து சொன்னா. பிறகு நீர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"உதவி கிடைக்காட்டிப் பரவாயில்லை. நான் நடிக்கிறன் எண்டு எழுதியிருக்கு. அந்த வசனத்தை வெட்டுவிக்க ஏலுமோ?"

ஏலும் என்றேன்.

இனித்தான் நான் செய்தது வருகிறது. மேன்முறையீட்டை உமது மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது என் கண் அந்த அட்டையில் பட்டது. எங்கட நாட்டில் எந்த அலுவலுக்குப் போனாலும் நற்சான்றிதழ் ஒன்று வைப்போமே. பாதிரியாரோ, பள்ளிக்கூடத்து அதிபரோ, கிராம அலுவலரோ, இன்னார் எனக்குப் பல காலம் தெரிந்தவர், நேர்மையானவர் என்று நாலு வரி எழுதித் தருவார்கள். நடிக்கிறான் என்று சொல்கிறவர்களுக்கு, இவன் எப்படிப்பட்ட மனிதன் என்று உங்கள் ஆளே எழுதியிருக்கிறாள், பாருங்கள் என்று காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இதையும் வைப்பம்" என்றேன்.

"வைக்கலாமோ?" என்று நீர் கேட்டீர். கேட்டது நினைவிருக்கிறது. உமக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

"இதைவிட நல்ல சேர்ட்டிபிக்கேற் ஆர் தருவினம்?"

நீர் சிரித்து, அட்டையை எடுத்து, தூசு தட்டி என்னிடம் தந்தீர். நான் அதற்கு ஒரு இலக்கம் போட்டு, இணைப்பு என்று எழுதி உறைக்குள் வைத்தேன். உமது தலையில் மண்ணை அள்ளிப் போட்டதுமல்லாமல் இலக்கமும் போட்டு வைத்தவன் நான்.

கந்தோர் மறுத்தது. பிறகு இப்படியான வழக்குகளை மட்டும் பார்க்கிற நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஆளைக் கூப்பிடுவதில்லை, கடதாசியைப் பார்த்தே முடிவு. அதுவும் மறுப்பு. இரண்டிலும் அந்த அட்டை இருந்தது. அந்த நடையைத் தனது சொந்த இணைப்பின் மூலமே விண்ணப்பதாரர் உறுதிப்படுத்துகிறார் என்று எழுதியிருந்தார்கள். ஒரு அதிகாரி கண்டதாகச் சொன்ன விஷயம், நாங்கள் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்ட விஷயமாகிவிட்டது.

அதற்குப் பிறகு நகரத்து நடுவில் இருக்கிற மேல் நீதிமன்றம் ஒன்றுதான் மிச்சம். அதற்கு நிலானி ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். அந்தப் பெண்மணி கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு வந்து அட்டையில் நின்றா. கண்ணாடியைக் கழற்றினா.

"இதை யார் வைத்தது?"

நொர்ஸ்கில்தான் கேட்டா. எனக்குத்தான் முதலில் விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது. வாய் திறக்கவில்லை. ஒரு விநாடி இருக்கும், இரண்டு விநாடி இருக்கும். நீர் உமக்குத் தெரிந்த நொர்ஸ்கில் சொன்னீர்.

"நான்."

சட்டத்தரணி உம்மைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினா. நான் பக்கத்தில் இருந்தேன். பிழை திருத்த எனக்கு அன்று பின்னேரம் முழுவதும் நேரம் இருந்தது. ரயிலில் வெஸ்ட்லிவரை ஒன்றாகத்தான் வந்தோம். இறங்கும்போது, "நீர் எனக்காண்டி எழுதின எழுத்துக்கு நான் ஒரு சொல் சொல்லக்கூடாதோ?" என்றீர். அன்றைக்கு நீர் என்னை அறைந்திருந்தால் இத்தனை வருத்தம் இராது.

விசாரணைக்கு முன் சட்டத்தரணி உமக்குத் தெளிவாகச் சொல்லித் தந்தா. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். இருக்க ஏலாவிட்டால் படுக்க இடம் கேளுங்கள். யாருக்காகவும் எழும்ப வேண்டாம், உள்ளபடியே இருங்கள். நீர் ஓம் ஓம் என்று கேட்டீர்.

மூன்று நீதிபதிகள். நடுவில் ஒரு நரைத்த தலை அம்மா. நான் பின் வரிசையில். அந்த அம்மா உமது பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றீர். மேசையைப் பிடித்து, வலது காலில் ஊன்றி, சேட்டு நுனியை இழுத்துவிட்டு நேராக நின்றீர். கதிரையில் இருக்கலாம் என்றா. இருந்தீர். அடுத்த கேள்வி கேட்டா. மறுபடி எழுந்தீர். சட்டத்தரணி உமது சட்டைக் கையைப் பிடித்து மெல்ல இழுத்தா. இருந்தீர். மூன்றாவது கேள்விக்கும் எழுந்தீர். உம்மை விடப் பெரிய ஆள் கேட்டால் நீர் இருந்துகொண்டு பதில் சொல்ல மாட்டீர். உமது கால் உமது புத்திக்கு முந்தி எழும்பிவிடும். பின்னாலிருந்து உமது கழுத்து எனக்குத் தெரிந்தது. வியர்வை சேட்டுக் கொலரை நனைத்துக்கொண்டே இருந்தது. அது நீதிபதிகளுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது முகம். முகத்தில் நீர் எதுவும் வைத்திருக்கவில்லை.

ஏன் அந்த அதிகாரியுடன் நடந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டா. இம்முறை நீதிமன்றம் வைத்த மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.

"அவ எங்கட வீட்டுக்கு வந்தவ. விழுந்தால் எங்களுக்குத்தானே பாவம்."

மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் சொன்னார். அந்த அம்மா எழுதிக்கொண்டா. பிறகு நிலானி சாட்சி சொன்னாள், மூன்று நாள் கட்டிலில் கிடந்ததை, காலில் தண்ணீர் பட்டால்கூடப் பல்லைக் கடிக்கிறதை. நல்லாகச் சொன்னாள். ஆனால் மகள் அப்படித்தான் சொல்லுவாள் என்பதற்குத் தீர்ப்பில் ஒரு நாகரிகமான வசனம் இருக்கிறது.

தீர்ப்பு கோடையில் வந்தது. வழுக்கும் சரிவில் துணையின்றி நடந்ததோடு இன்னொருவரையும் தாங்கி நடந்திருக்கிறார். இதை அவரே சமர்ப்பித்த அட்டையும் உறுதிப்படுத்துகிறது. விசாரணையின்போதும் பலமுறை தானாக எழுந்து நின்றதை நீதிமன்றம் அவதானித்தது. நான் உமக்கு வாசித்து மொழிபெயர்த்தேன். இந்த ஒருமுறை மட்டும் ஒரு வசனத்தைத் தாண்டிப் போனேன். நீர் விடவில்லை.

"அந்த வசனத்தை வெட்டினவையோ?"

"இல்லை."

"இன்னும் எழுதிப்போட்டினமோ?"

நான் தீர்ப்பை மடித்தேன். நீர் தலையாட்டினீர். பிறகு எழுந்து, எனக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனீர். அந்தக் காலோடு போக நான் விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலை, யன்னலோரக் கதிரையில், உமது இருதயம் நின்றுபோனது. இருதயத்துக்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியர் சொன்னார். அவருக்கு என்ன தெரியும். எனக்கும் தெரியாது. செத்தவீட்டுக்கு வந்தவர்களை உமது மனைவி ஒவ்வொருவராக லிஃப்ற்வரை கொண்டுபோய் விட்டா.

லாடங்களை நிலானிதான் என்னிடம் தந்தாள். "மாமா, இதை வைச்சுக்கொண்டால் எனக்குக் கோவம்தான் வருது" என்றாள். அட்டையை வைத்தது நான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அப்பாவின் வெள்ளந்தித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீர் செத்த பிறகும் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்.

இனி என் விஷயம்.

போன வருடம் என் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. நானும் விண்ணப்பித்தேன். என் விண்ணப்பத்தை நானே எழுதினேன், ஒரு இணைப்பும் வைக்கவில்லை. ஜனவரியில் கந்தோரில் இருந்து ஒரு பெண் வந்தாள், உமக்கு வந்தவள் இல்லை, வேறொருத்தி, இன்னும் சின்னப் பெண். அன்று நான் சவரம் செய்யவில்லை. குளிசை போடவில்லை. கதவு மணி அடித்தபோது எழும்பவில்லை. என் மனைவி தேத்தண்ணி கொண்டுவரப் போனபோது வேண்டாம் என்று கண்ணால் தடுத்தேன். எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டாள். நடக்க மாட்டேன் என்றேன். முழங்கால் நோவு பொய்யில்லை, அதை உமக்குச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் கதவுவரை போக ஏலாத நோவா என்று நீர் கேட்டால், இல்லை.

அவள் போன பிறகு மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றா. "உங்களுக்கு என்ன நடந்தது? வந்த பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க விடேல்லை."

காலையில் வந்த கடிதம் அதற்குப் பதில். எனக்குக் கிடைத்துவிட்டது. முதல் தரத்திலேயே, மேன்முறையீடு இல்லாமல், சட்டத்தரணி இல்லாமல். நீர் கேட்டு அலைந்த மாதிரி வசனம் ஒன்று என் கடிதத்தில் இருக்கிறது. விண்ணப்பதாரர் சந்திப்பு முழுவதிலும் கதிரையை விட்டு எழும்பவில்லை, அவர் கூறும் இயலாமையும் நேரில் கண்டதும் பொருந்துகின்றன. நான் நடிக்கவில்லை என்று அரசாங்கம் எழுதித் தந்திருக்கிறது.

உம்மிடம் நான் படித்தது என்று ஊருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. உமது பொறுமை, உமது பகிடி. ஆனால் உண்மையில் உமது வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான், கதிரையில் இருக்கப் பழகினேன். மிச்ச நாளும் இதோடுதான் இருக்க வேண்டும். யாரிடம் போய் மேன்முறையீடு செய்வது?

அன்று அவள் போன பிறகு எழுந்து யன்னலுக்குப் போனேன். அதற்கு மட்டும் எழும்பினேன். முதல்நாள் மழை பெய்து இறுகியிருந்தது. சரிவின் ஓரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு அடியாகப் பக்கவாட்டில் வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை வழுக்கி முழங்காலில் விழுந்து, எழுந்து, உடுப்பைத் தட்டிவிட்டு, மேலே என் யன்னலைப் பார்த்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

உமது லாடங்கள் அப்போது என் அலுமாரிக்குள் இருந்தன. இருப்பது எனக்குத் தெரியும்.